வேறு கை வேண்டும்

முகாம் வாசலில் எங்களுக்கு முதலில் கொடுத்தது தண்ணீர் இல்லை, புத்தகம். நீல அட்டை போட்டது. ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் மார்பளவு ஏற, இரண்டு நாள் மாடிப்படியில் குந்தியிருந்து, படகு மாறி லாரி மாறி வந்து இறங்கிய ஆட்களின் கையில் ஆளுக்கொன்றாகத் திணித்தார்கள். 'தங்கலும் கட்டலும்: முறைப்படுத்திய பொருட்பெயர்க் கையேடு' என்று அட்டையில் இருந்தது. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், எல்லாம் தமிழ் எழுத்தில். நான் சாவி வெட்டுகிறவன். பூட்டைப் பார்த்தாலே உள்ளே எத்தனை பல் என்று சொல்லிவிடுவேன். அந்தப் புத்தகத்தை மேலும் கீழும் புரட்டியும் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

கூட வந்தது என் அக்கா மட்டும். பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் பதினெட்டு வருஷமாக மோட்டார் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவள். வலது கால் மிதியில் இருந்தால் போதும், கண் பாட்டுக்கு எங்கேயோ இருக்கும், தையல் நேராகப் போகும். படகில் ஏறும்போது அந்த வலது காலைத்தான் தகரம் கிழித்தது. மேல்பாதத்தில் நாலு விரல் நீளத்துக்கு. தலையணை உறையைக் கிழித்து அவளே இறுக்கிக் கட்டியிருந்தாள். ரத்தம் நின்றிருந்தது.

வாசலில் நின்ற சொல் அலுவலர் அந்தக் கட்டைக் குனிந்து பார்த்தார். சொல் அலுவலர் என்பது அவர் பதவி. கழுத்தில் தொங்கிய அட்டையில் அப்படித்தான் இருந்தது.

"இது என்ன?"

"தலையணை உறைங்க," என்றாள் அக்கா.

"கையேட்டுல தலையணை உறை இல்லையே. பட்டியல்ல இல்லாத கட்டோட உள்ள போனா சாப்பாட்டு அட்டை கிடைக்காதும்மா. அவுத்துட்டுப் போங்க, உள்ள முறையான கட்டு போடுவாங்க."

"நல்ல துணிப்பா. துவைச்சது."

"துணி நல்லதா கெட்டதாங்கிறது இல்லைம்மா. பேர் இருக்கணும்."

பின்னால் வரிசை நெட்டியது. நான்தான் குனிந்து அவிழ்த்தேன். என் கையாலேயே அவிழ்த்தேன்.

ஏன் இந்தக் கூத்து என்று அவரிடமே கேட்டேன். கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "போன முகாம்ல ஒருத்தர் 'துணி' வேணும்னு கேட்டார். கட்டுற துணியா, கூடாரத் துணியா, உடுத்துற துணியான்னு சொல்லல. எங்க ஆளுங்க மூணையும் குடுத்துட்டாங்க. தணிக்கையில கேட்டாங்க, ஒரு சொல்லுக்கு எப்படி மூணு பொருள் வெளிய போச்சுன்னு. அப்புறம்தான் எங்க பிரிவையே ஆரம்பிச்சாங்க."

"அந்த ஆளுக்கு மூணும் தேவைப்பட்டுச்சா?"

"தேவைப்பட்டுச்சு. அதுதானே பிரச்சனை," என்றார்.

பொருள் கொடுக்கும் ஜன்னலில் நான் கேட்ட முதல் பொருள் டென்ட். ஊர் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே என்று நினைத்தேன். ஜன்னல்காரர் "எத்தனை பேர்?" என்றார். இரண்டு பேர் என்றேன். இரண்டு சின்னக் காகித உறைகளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உள்ளே சுண்டுவிரல் பருமனில் ஒரு பஞ்சுத் திரி. நான் அதைப் பிரித்தேன். எங்கேயாவது முனையைப் பிடித்து உதறினால் விரியுமோ என்று உதறியும் பார்த்தேன். விரியவில்லை.

"புத்தகம் பக்கம் நாப்பத்தொண்ணு பாருங்க," என்றார் ஜன்னல்காரர். பார்த்தேன். 'டென்ட்: ஆழமான புண்ணின் வாய் மூடிவிடாதபடி உள்ளே செருகும் பஞ்சுத் திரி. மக்கள் வழக்கில் கூடாரம் என்று தவறாகப் பொருள் கொள்வர், தவிர்க்க.'

"அப்ப கூடாரத்துக்கு என்னங்க பேரு?"

"எந்தக் கூடாரம்? வட்டமா, நீளமா, ஒத்தைக் கம்பா, ரெட்டைக் கம்பா? படிச்சிட்டு வாங்க."

நான் படித்து முடிப்பதற்குள் ஜன்னலை மூடிவிட்டார்கள். எங்கே படுப்பது என்று சொல் அலுவலரைத் தேடிப் போனேன். அவர் பதிவேட்டைப் பார்த்து, "உங்களுக்கு ஏற்கெனவே ஒதுக்கியாச்சே. பிவ்வாக்," என்றார். எனக்கு உயிர் வந்தது. பிவ்வாக் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையை அகல விரித்து மைதானத்தைக் காட்டினார். கூடாரம் இல்லாமல் வெட்டவெளியில் படுப்பதற்குத்தான் பிவ்வாக் என்று பெயராம். எங்களைப் போல இன்னும் முந்நூறு பேருக்குத் தட்டுப்பாடில்லாமல் பிவ்வாக் கிடைத்திருந்தது. அறிக்கையில் ஒருவர்கூட இருப்பிடம் இல்லாதவர் கிடையாது.

அன்றைக்குக் கோபத்தில் அந்த இரண்டு திரியையும் சேற்றில் விட்டெறிந்தேன். அக்கா, "எறிஞ்சதுதான் எறிஞ்ச, கொஞ்சம் தூரமா எறியக் கூடாதா," என்றாள். அப்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் நான் 'பெல்' என்ற சொல்லைச் சரியாகச் சொல்லி, ஒற்றைக் கம்புக் கூடாரம் ஒன்றை வாங்கிவிட்டேன். வட்டமாக, கூம்பாக இருந்தது. பக்கத்துக் கூடாரத்தில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். இங்கிலீஷ் தெரியும் என்று அவருக்கு ஒரு மிதப்பு. ஈ மொய்க்கிறது என்று புகார் கொடுக்கப் போனவர், நாகரிகமாக இருக்கட்டும் என்று 'ஃபிளை அதிகமாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கையேட்டின்படி ஃபிளை என்றால் கூடாரத்தின் மேல்விரிப்பு. ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வந்து, "அதிகமா இருக்கறதை எடுத்துக்கறோம் ஐயா," என்று பணிவாகச் சொல்லிக் கூரையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஈ அப்படியே இருந்தது. அன்று சாயங்காலம் மழை பெய்தபோது கண்டக்டர் எங்கள் கூடாரத்தில் வந்து உட்கார்ந்தார்.

உள்ளே யாரும் தானாக வந்து கட்டுப் போடவில்லை; அதற்கும் விண்ணப்பம் வேண்டும் என்று தெரிந்து, அக்காவின் காலுக்குக் கட்டு கேட்டு நான் விண்ணப்பித்தது அதற்கு அடுத்த நாள். கட்டுப் பிரிவில் கட்டு என்று கேட்கக் கூடாது. தட்டையான பஞ்சு மெத்தையாக வைத்தால் பிளெட்ஜெட். உருண்டையாக வைத்தால் டாசில். வெந்நீரில் நனைத்துப் பிழிந்து வைத்தால் ஸ்டூப். அக்காவின் புண்ணுக்குத் தட்டையாக வைத்தால் போதும் என்று கணக்குப் போட்டு, நாக்கைப் பழக்கி, பிளெட்ஜெட் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று நாளில் பதில் வரும் என்றார்கள். புண்ணின் ஓரம் சிவந்திருந்தது. அக்கா, "சுள்ளுனு இருக்குடா, அவ்வளவுதான்," என்றாள்.

ஐந்தாம் நாள் காற்றில் கூடாரத்தின் இழுகயிறு ஒன்று அறுந்தது. கூடாரம் ஒரு பக்கமாகச் சரிந்து, கம்பு அக்காவின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. புத்தகத்தைப் பார்த்தேன். இழுகயிற்றுக்கு ஆங்கிலத்தில் பெயர் 'கை'. சொல்லும்போது முதலெழுத்தைக் கொஞ்சம் அழுத்த வேண்டுமாம். எழுதும்போது நம் கைதான். விண்ணப்பங்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும்; மக்கள் மொழிக்கு மரியாதை என்று புத்தகத்தின் முன்னுரையிலேயே போட்டிருந்தது. நான் விதிப்படி எழுதினேன்: 'காற்றில் எங்கள் கை அறுந்துவிட்டது. வேறு கை வேண்டும்.'

அதற்கு மூன்று நாள் ஆகவில்லை. பத்தே நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர் ஓடிவந்தார்கள். கட்டுப் பிரிவின் தலைவரே வந்திருந்தார். பெரிய பெட்டி. திறந்தால் வெள்ளை வெளேரென்று கட்டுத்துணிச் சுருள்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாருக்கு அறுந்தது?" என்றார் தலைவர்.

"எங்களுதுதாங்க. இந்தப் பக்கம்," என்று நான் கயிற்றைக் காட்டினேன். அவர் கயிற்றைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பிடித்து எண்ணினார். இரண்டு இருந்தன. திரும்பவும் எண்ணினார்.

"சார், அது கயிறு. உங்க புத்தகத்துல கயிறுதான் கை. கை கிடக்கட்டும், இதோ அக்கா காலைப் பாருங்க, சீழ் வெச்சிருக்கு."

தலைவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். குனிந்து, மூக்கைச் சுருக்கி, "உடனே கட்டணும். இப்படி விடக் கூடாது," என்றார்.

"கட்டுங்க சார்."

"இந்தச் சீட்டுல கைன்னு இருக்கு. காலுக்குத் தனிச் சீட்டு. அது வரிசையில இருக்கும், வரும்." பிறகு உதவியாளரிடம் திரும்பினார். "பெட்டியைத் திறந்தாச்சு. திறந்த பெட்டியைப் பயன்படுத்தாம மூடினா விளக்கம் எழுதணும். அவர் கையைப் பிடி."

நல்லாயிருந்த என் இடது கைக்குக் கட்டுப் போட்டார்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும், எட்டு எட்டாகப் பின்னிக்கொண்டு வருகிற கட்டு. அதற்கு ஸ்பைக்கா என்று பெயர். அவ்வளவு அழகான கட்டை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் முடிச்சின் மேல் ஒரு முத்திரை ஒட்டினார்கள். அக்கா படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும், "வலிக்குதாடா?" என்று கேட்டாள். கேலிதான். ஆனால் குரலில் தெம்பு இல்லை.

முத்திரையாவது மண்ணாவது என்று அன்றைக்கே அவிழ்த்தேன். குடிக்கக் கொடுத்த தண்ணீரில் அவள் காலைக் கழுவி, என் கைக்கட்டை அவள் பாதத்தில் சுற்றினேன். அரை நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் காலையில் சொல் அலுவலரும் ஒரு பரிசோதகரும் வந்தார்கள். திட்டவில்லை. மிரட்டவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. "கைக்குக் குடுத்ததைக் காலுக்குப் போட்டா பதிவேடு பொய் சொல்லுதுன்னு ஆயிடும். நாங்க பொய் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க," என்றார் பரிசோதகர். அக்காவின் காலிலிருந்து கட்டை அவிழ்த்தார்கள். கறைபட்ட பகுதியைக் கத்தரித்தார்கள். குறைந்த நீளத்துக்குப் பெட்டியிலிருந்து புதுத்துணி வெட்டி ஒட்டுப் போட்டார்கள். மறுபடியும் என் கையில் கட்டினார்கள்.

"அண்ணே, இன்னொரு தடவை அவுத்தா ரெண்டு பேருக்கும் சாப்பாட்டு அட்டை போயிடும்," என்று சொல் அலுவலர் என் காதருகில் சொன்னார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு." அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஏழாம் நாள் பிளெட்ஜெட் வந்தது. உள்ளங்கையளவு பஞ்சு மெத்தை, கண்ணாடித்தாள் உறையில். கட்டுப் பிரிவுத் தலைவர் அக்காவின் காலைப் பார்த்துவிட்டு அந்த உறையைத் திரும்பத் தன் பெட்டியில் வைத்தார். "இது ஆழமாயிடுச்சு. பிளெட்ஜெட் மேலோட்டமான புண்ணுக்குத்தான். இப்ப இதுக்கு டென்ட் வைக்கணும்."

"வைங்க சார்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "உங்களுக்கு முதல் நாளே ரெண்டு டென்ட் குடுத்திருக்கே. கையெழுத்து இருக்கு. அது எங்க?"

நான் சேற்றில் போய்த் தேடினேன். முந்நூறு பேர் ஏழு நாளாக மிதித்த சேறு. கட்டுப் போட்ட கையை நனையாமல் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மற்றக் கையால் துழாவினேன். கண்டக்டரும் வந்து தேடினார். கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. பாதம் வீங்கிப் பளபளத்தது, ஓரத்தில் கறுப்பு. பேச்சு கோர்வையாக இல்லை. பட்டறையில் யாரிடமோ காலர் கோணல் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் இயக்குநர் முகாமைப் பார்க்க வந்தார். கையேட்டை எழுதியவரே அவர்தான். கூடாரம், பாசறை, புண்கட்டு பற்றிய பழைய ஆங்கிலச் சொற்களைப் பதினோரு வருஷம் வெளிநாட்டில் உட்கார்ந்து ஆராய்ந்தவராம். மேடை போட்டிருந்தார்கள். அந்த மேடைக்குக் கூரை இருந்தது. இரட்டைக் கூரை.

"வெள்ளம் எல்லா ஊர்லயும் வரும்," என்று ஆரம்பித்தார். "பசி எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுல நாம புதுசா ஒண்ணும் செஞ்சிட முடியாது. ஆனா ஒரு சாதாரண மனுஷன், வீடு வாசல் எல்லாத்தையும் இழந்துட்டு நிக்கிறவன், ஒரு அபூர்வமான சொல்லைக் கத்துக்கிட்டுத் திரும்பிப் போறான்னா, அதை எந்த வெள்ளமும் அடிச்சிட்டுப் போக முடியாது. போன முகாம்ல நாம ஒரு சொல்லுக்கு மூணு பொருள் குடுத்தோம். இந்த முகாம்ல மூணு சொல்லுக்கு ஒரு பொருள்தான் குடுத்திருக்கோம். கிடங்கு நிறைய அப்படியே இருக்கு. இதைவிட என்ன வெற்றி வேணும்?"

கைதட்டினார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்து யாரும் தடுக்கவில்லை. 'எங்கள் சேவையால் பயன்பெற்றவர்' என்று சொல் அலுவலரே வழிவிட்டார். நான் மூச்சை இழுத்து, ஒரு பிழை இல்லாமல் சொன்னேன். என் அக்காவுக்கு நாலாம் நாளே பிளெட்ஜெட் தேவைப்பட்டது. ஐந்தாம் நாள் ஸ்டூப் கொடுத்திருந்தால்கூடப் போதும். ஆறாம் நாள் டாசில். இப்போது டென்ட். கை அறுந்ததற்கு எனக்கு ஸ்பைக்கா போட்டிருக்கிறார்கள்.

இயக்குநர் மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "பிளெட்ஜெட்ல அந்த 'ஜெ' எவ்வளவு சுத்தமா வந்தது, கேட்டீங்களா?" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். "பதினோரு வருஷத்துல இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க."

"சார், புண்ணு," என்றேன். "அக்கா காலுல புண்ணு. அழுகிட்டிருக்கு."

அவர் முகம் மாறியது. அருகிலிருந்த கையேட்டை எடுத்து என் கண்ணெதிரிலேயே பின்பக்கத்து அகரவரிசையைத் தேடினார். "இல்லையே," என்றார், உண்மையான வருத்தத்தோடு. "புண்ணு மேல வைக்கிறது, உள்ள செருகுறது, சுத்திக் கட்டுறது, அறுபத்தேழு சொல் இருக்கு. புண் நம்ம வரம்புக்குள்ள வரல. நாம பொருள் விநியோகம்தானே."

சுற்றி நின்றவர்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூடாரத்துக்குத் திரும்பினால், அக்காவின் தலைமாட்டில் தண்ணீர் லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தார். கண்டக்டர் கூட்டி வந்திருக்கிறார். டிரைவரிடம் நீலப் புத்தகம் இல்லை, அவர் வெளியாள். "என்னய்யா மனுஷங்க நீங்க. கால் நாறுது, பேசிக்கிட்டு நிக்கிறீங்க. தூக்கு அந்தப் பக்கம்," என்றார். மூன்று பேருமாகத் தூக்கி முன் சீட்டில் படுக்க வைத்தோம். வாசலில் சொல் அலுவலர் கையைக் காட்டினார். டிரைவர் நிறுத்தவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "என்னாச்சு?" என்றார். நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன கொடுப்பார்களோ என்று ஒவ்வொரு சொல்லையும் தொண்டையிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருக்கவில்லை. விரிப்பை விலக்கிக் காலைப் பார்த்தார். தண்ணீர், பஞ்சு, மருந்து என்று சட்டென்று வேலையைத் தொடங்கிவிட்டார். "எத்தனை நாளா? முதல் நாளே கழுவி ஒரு துணியைக் கட்டியிருந்தாக்கூட இவ்வளவு தூரம் வந்திருக்காதே," என்றார். அந்தப் பேச்சை நான் எப்படித் தாங்கினேனோ தெரியவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கணுக்காலுக்கு மேலே எடுத்தாக வேண்டும், விஷம் மேலே ஏறுகிறது, நாளை என்று தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

மருந்து ஏறியதில் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. நான் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "தாள்ல என்னடா எழுதியிருக்கு?" என்றாள்.

"வலது கால்னு எழுதியிருக்கு அக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன். தெளிவா இருக்கு."

"நீகூட கை அறுந்துச்சுன்னு தெளிவாத்தான் எழுதிக் குடுத்த," என்றாள். பிறகு நர்ஸிடம் கையை நீட்டினாள். "அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடும்மா."

என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். நல்ல காலை, இடது காலை, மடக்கிக் கிட்டே இழுத்தாள். துணியில் அளவுக்கோடு போடுகிற மாதிரி நிதானமாக, முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இது இல்லை'. காலைக் கொஞ்சம் தள்ளி வைத்து எழுதியதைப் பார்த்தாள். அதுவும் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். கீழே இன்னொரு வரி எழுதினாள்: 'இதால்தான் இனிமேல் தைக்கணும்'.

நர்ஸ் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இங்க அப்படியெல்லாம் மாத்திச் செய்ய மாட்டாங்கம்மா," என்றார்.

"அங்கயும் அப்படித்தாம்மா சொன்னாங்க, உள்ள முறையாக் கட்டுவாங்கன்னு," என்றாள் அக்கா. மை காய்வதற்காக அந்தக் காலை ஊதிக்கொண்டிருந்தாள்.